துப்பறியும் நாவலும் தோட்டத்து முனியும்

சில மாதங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற ஓர் இலக்கியக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் தோட்டத்தில் பிரட்டு இல்லை. காலையிலேயே கிள்ளானில் ரயிலேறிப் போய்ச் சேர்ந்தேன். வந்திருந்தோரை ஒவ்வொருவராக எழுப்பி, விரும்பிப் படித்த தமிழாசிரியர் யார் என்று வினவினார்கள். ஒருவர் கம்பர் என்றார். மற்றொருவர் பாரதி என்றார். வேறொருவர் புதுமைப்பித்தன் என்றார். என் முறை வந்தபோது நான் சுஜாதா என்றேன். அதோடு நில்லாமல், அவர் எழுதிய துப்பறியும் நாவல்களே எனக்கு மிகவும் உவப்பானவை என்றும் சொல்லிவிட்டேன். சபையில் சிரிப்பு எழுந்தது. தலைமை வகித்த பெரியவர், "தம்பி, கொலைக் கதை ரயில் பயணத்துக்கு ஆகும், இலக்கியத்துக்கு ஆகாது" என்றார். நான் நாணி உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விழுங்கியதை இன்று இங்கே சொல்லத் துணிகிறேன்.

துப்பறியும் நாவலை இகழ்வோர் அதன்மேல் மூன்று குற்றங்களைச் சுமத்துகின்றனர். அஃது ஆங்கிலத்திலிருந்து களவாடிய சரக்கு என்பது ஒன்று. குற்றம் செய்யக் கற்றுக்கொடுக்கிறது என்பது மற்றொன்று. படித்து முடித்தபின் மனத்தில் எதுவும் எஞ்சுவதில்லை என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் முதலாவதில் ஓரளவு உண்மை உண்டு. ஏனைய இரண்டும் வெறும் பேச்சு. தமிழர் பயிலும் கதை வகைகளுள் பகுத்தறிவுக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டிய வகை ஒன்று உண்டென்றால், அஃது இகழப்படும் இந்தத் துப்பறியும் கதையே என்பது என் கட்சி.

புராணக் கதையில் சிக்கல் முற்றினால் தெய்வம் வந்து அவிழ்க்கும். குடும்பக் கதையில் விதி வந்து அவிழ்க்கும். திரைப்படத்திலோ பாம்பும் வேலும் வந்து அவிழ்க்கும். துப்பறியும் கதையில் மட்டும் இவர்களுள் ஒருவருக்கும் இடமில்லை. 1929-ஆம் ஆண்டில் ரோனால்டு நாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் இவ்வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். பேய் பிசாசு முதலிய இயற்கைக்கு மாறான சக்திகளைக் கொண்டு மர்மத்தை விடுவிக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று. துப்பறிபவன் கண்ட தடயத்தை வாசகனுக்கும் உடனே காட்டிவிடவேண்டும் என்பது இன்னொன்று. இக்கட்டளைகளை வகுத்தவர் நாத்திகரல்லர், கத்தோலிக்கப் பாதிரியார்! கோயிலில் அற்புதத்தைப் போதித்தவர், கதையில் அற்புதத்தைத் தள்ளிவைத்தார் என்றால், அக்கதை வகையின் நியாயம் எத்துணை வலியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் கதை இதனினும் வேடிக்கையானது. அவர் தமது பிற்கால வாழ்வில் ஆவிகளோடு பேசலாம் என்று நம்பினார். சிறுமியர் இருவர் எடுத்த தேவதைப் புகைப்படங்களை மெய்யென்று நம்பி 1922-இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் ஹோம்ஸின் அறைக்குள் ஓர் ஆவியையும் அவர் நுழையவிடவில்லை. பாஸ்கர்வில் குடும்பத்தைத் தொடர்ந்த நெருப்பு நாய், முடிவில் பாஸ்பரஸ் பூசப்பட்ட சாதாரண நாயாகவே வெளிப்பட்டது. எழுதியவரின் மூட நம்பிக்கையைக்கூட எழுத்தின் விதி வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். 1894-ஆம் ஆண்டிலேயே பண்டித நடேச சாஸ்திரியார், தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த குற்றங்களை நூலாக்கினார். அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் வந்தனர். ஆரணியாரும் வடுவூராரும் ரெயினால்ட்ஸ் முதலிய ஆங்கில ஆசிரியர்களின் கதைகளுக்கு வேட்டி கட்டி, விபூதி இட்டு, கும்பகோணத்தில் குடியேற்றினார்கள். களவாடிய சரக்கு என்ற குற்றச்சாட்டு இங்கேதான் பொருந்தும். ஆயினும் முழு நியாயம் பேசவேண்டும். ரங்கராஜுவின் "சந்திரகாந்தா" மடாதிபதிகளின் போலி வாழ்க்கையைத் தோலுரித்தது. 1936-இல் திரைப்படமாகவும் வந்தது. நாவல் என்றால் என்னவென்றே அறியாத குடும்பங்கள் இவர்களால் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகின. இரவல் வாங்கிய விளக்கேயானாலும் இருட்டில் அது வெளிச்சம் தந்தது.

அவர்களுடைய குறை வேறிடத்தில் இருந்தது. வடுவூராரின் திகம்பர சாமியாரும், ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனும் மாறுவேடம் பூண்டு எங்கும் நுழைவர், எல்லாம் அறிவர், கடைசி அத்தியாயத்தில் தோன்றி எல்லாவற்றையும் விளக்குவர். வாசகனுக்கு அங்கே வேலையில்லை. தெய்வம் வந்து அவிழ்த்த முடிச்சைத் துப்பறிபவர் வந்து அவிழ்த்தார்; வாசகன் அன்றும் கைகூப்பி நின்றான், இன்றும் கைகூப்பி நின்றான். இதைக் கேலி செய்தவர் ஆனந்த விகடனில் எழுதிய தேவன். அவருடைய சாம்பு ஒரு வங்கிக் குமாஸ்தா, அசடு. அவன் தடுக்கி விழுந்த இடத்தில் திருடன் அகப்படுவான். உலகம் அவனை மேதை என்று கொண்டாடும். எல்லாம் அறிந்த துப்பறிவாளர் என்னும் பொய்த் தெய்வத்தைச் சிரித்தே உடைத்த கதைகள் அவை.

பொய்த் தெய்வம் உடைந்தபின் அவ்விடத்தில் எதை வைப்பது? இதற்கு விடை கண்டவர் சுஜாதா. அவர் அதை ஒரே நாளில் காணவில்லை. உத்தியோகம் பார்த்துக்கொண்டே, எழுதி எழுதிக் கண்டார். ரங்கராஜன் என்னும் இயற்பெயருடைய அவர் 1935-இல் சென்னையில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தார். பௌதிகமும் மின்னணுவியலும் கற்றார். டில்லியில் விமானப் போக்குவரத்துத் துறையிலும், பிறகு பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். இந்தியாவின் மின்னணு வாக்களிப்பு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. "குமுதம்" இதழில் ரா. கி. ரங்கராஜன் என்று வேறொரு எழுத்தாளர் முன்னமே இருந்தமையால், மனைவியின் பெயரையே தம் புனைபெயராகக் கொண்டார். எழுத்தை நம்பி உலை வைத்தவரல்லர் அவர். பகலில் அலுவலகத்துக்கும் மற்றப் பொழுதில் எழுத்துக்கும் உழைத்தவர். உத்தியோகம் இருப்பதால் எழுத நேரமில்லை என்று முறையிடும் கிராணிமார்களும் ஆசிரியர்களும் (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) இவ்வாழ்க்கையை ஒருமுறை எண்ணிப் பார்க்கவேண்டும்.

1968-இல் "குமுதம்" இதழில் வெளியான "நைலான் கயிறு" அவருக்குப் பெரும் பெயர் தந்தது. அதில் கணேஷ் என்னும் வக்கீல் வருகிறார். மாறுவேடமில்லை, மந்திரக்கோல் இல்லை. சட்டம் அறிந்தவர், சாட்சியத்தைக் கேட்பவர், தவறக்கூடிய மனிதர். சில ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் தம் முறையில் ஒரு குறை கண்டார் போலும். தனித்து நின்று யோசிக்கும் மனிதனுடைய யோசனையை வாசகன் எவ்வாறு அறிவான்? ஆகவே வசந்த் என்னும் துடுக்கான உதவி வக்கீல் வந்து சேர்ந்தான். அவன் கேலி செய்வான், அவசரப்படுவான், பெண்களைக் கண்டால் வழிவான். ஆயினும் வாசகன் கேட்க நினைக்கும் கேள்வியை அவனே முந்திக் கேட்பான். கணேஷ் மறுப்பார். அந்த வாதப் பிரதிவாதத்தில் வாசகனுக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டது. கைகூப்பி நின்றவன் உட்கார்ந்து யோசிக்கத் தொடங்கினான். தமிழ்த் துப்பறியும் நாவலின் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

அவ்வளர்ச்சியின் உச்சியாக நான் கருதுவது "கொலையுதிர் காலம்". பெருஞ்சொத்துக்கு உரியவளாகப் போகும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றிப் பேய்க் காட்சிகளும் மரணங்களும் நிகழ்கின்றன. வசந்த் பேயென்று நம்பச் சாய்கிறான். கணேஷ் விஞ்ஞானத்தைப் பற்றி நிற்கிறார். ஒளியைக் கொண்டு உருவம் காட்டும் ஹாலோகிராம் முறை பேசப்படுகிறது. ஆயினும் முடிவில் ஆசிரியர் ஐயத்தின் ஒரு கதவைத் திறந்தே வைத்துவிட்டார். நாக்ஸ் பாதிரியார் இதைக் கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பார். நானும் முதலில் சுளித்தேன். பின்னர் அறிந்தேன்: விடையைக் கையில் திணிப்பதைவிடக் கேள்வியை வாசகன் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் ஆசிரியன் தொழிலே. இதே ஆசிரியர் "ஏன்? எதற்கு? எப்படி?" என்று ஒரு விஞ்ஞானத் தொடரும் எழுதினார் என்பதை மறவாதீர். அத்தலைப்பில் உள்ள மூன்று சொற்களே துப்பறியும் நாவலின் முழு இலக்கணமும் ஆகும்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் வழக்காடவில்லை. வாரத் தொடர் முடியவேண்டிய வாரம் வந்ததும் சில நாவல்கள் அவசரமாகத் தாழிடப்பட்டன. பெண்களை வருணிக்குமிடங்களில் நாகரிகம் தவறிய வரிகள் உண்டு. எனக்கு அவை உவப்பில்லை. ஆனால் குறையுள்ளவன் கற்பித்த பாடம் குறையுள்ளதாகிவிடாது. அப்பாடம் என்னிடம் எங்ஙனம் வந்து சேர்ந்தது என்பதைச் சொன்னால், ரயில் பயணத்துக்கு மட்டும் ஆகும் எழுத்தா இது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம்.

நான் வேலை பார்த்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். என்னைவிட மூத்தவராதலால் அண்ணன் என்றே அழைப்பேன். ஒரு மழைக்காலக் காலையில் அவர் மரத்தடியில் நினைவிழந்து கிடந்தார். அருகில் முனியாண்டி சந்நிதி. "சந்நிதிப் பக்கம் வெட்டினான், முனி அடித்துவிட்டது" என்று அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் பேச்சாயிற்று. சேவலும் சுருட்டும் சாராயமும் படைக்கப்பட்டன. அண்ணன் பிழைத்தார், ஆனால் வலக்கை மரத்துப்போய் வேலைக்கு ஆகாததாயிற்று. மண்டோர் வந்து "காய்ச்சல் என்று போடுங்கள் ஐயா" என்றார். நான் செக்ரோலில் நோய் என்று எழுதினேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆங்கிலத்தில் கற்றவன்; ஷெர்லாக் ஹோம்ஸை இளமையிலேயே படித்தவன்; பேயை நம்பாதவன். ஆயினும் எழுதினேன்.

நான்கு மாதங்களுக்குப் பின் "கொலையுதிர் காலம்" நாவலை ஓரிரவில் படித்து முடித்தேன். அந்த வாரமே அண்ணன் முன்பணம் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். இடக்கையால் கையெழுத்திட்டுக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கிடந்த வலக்கையின் உள்ளங்கையில் ஒரு கரிந்த தழும்பைக் கண்டேன். காய்ச்சலுக்குத் தழும்பு ஏது? பாதத்தைக் காட்டச் சொன்னேன். அங்கும் ஒரு தழும்பு. "முனி பிடித்த தடம், ஐயா" என்றார். அவர் கையில் அப்போது என்ன இருந்தது என்று கேட்டேன். அலுமினியக் குழாயின் நுனியில் கட்டிய அரிவாள். தரை எப்படி இருந்தது? மழையில் ஊறிய சேறு. தலைக்கு மேலே என்ன இருந்தது? அவருக்கு நினைவில்லை. அன்று மாலையே நான் அவ்விடத்துக்குச் சென்று அண்ணாந்து பார்த்தேன். முனியாண்டி சந்நிதிக்கு மேலாக மின்சாரக் கம்பி சென்றது.

கையும் காலும் கரிந்தது எதனால் என்பதற்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டுவதில்லை. நோய் என்று எழுதிய ஒரு சொல்லால், வேலையில் நேர்ந்த விபத்துக்குச் சொக்சோவில் கேட்கவேண்டிய உரிமை நான்கு மாதம் உறங்கிற்று. முனியின்மேல் பழியைப் போட்டவர்கள் தீயவரல்லர்; அஞ்சியவர்கள். ஆனால் அந்தப் பழி யாருக்கு வசதியாயிற்று? கம்பிக்கடியில் ஆளை அனுப்பியவருக்கு வசதியாயிற்று. பேய் என்றும் ஏழைக்கு உதவியதில்லை. பேயை யாரும் விசாரணைக்கு அழைப்பதில்லையாதலால், அது பொறுப்பாளிகளுக்கே உதவிற்று. நான் திருத்தி எழுதிய அறிக்கை சென்றது. அதை ஏற்கச்செய்ய எத்தனையோ படிகள் ஏறினேன். மனு இன்னும் முடியவில்லை. அண்ணனின் கை திரும்பவுமில்லை. கம்பிக்கடியிலிருந்த இரண்டு வரிசை மரங்கள் மட்டும் வெட்டப்பட்டன. அவ்வளவே நடந்தது. ஆயினும் அந்த இரண்டு வரிசைக்கடியில் இனி ஒருவரும் விழமாட்டார்.

இப்போது கேட்கிறேன்: படித்து முடித்தபின் ஒன்றும் எஞ்சுவதில்லை என்பது உண்மையா? எனக்கு எஞ்சியது ஒரு கேள்வி கேட்கும் பழக்கம். குற்றம் செய்யக் கற்றுக்கொடுக்கிறது என்பது உண்மையா? குற்றம் மறைவது எப்படி என்பதையன்றோ அது எனக்குக் கற்றுக்கொடுத்தது! குற்றத்தைச் செய்ய ஒருவனுக்கு நாவல் வேண்டுவதில்லை, பேராசையே போதும். அதைக் கண்டுபிடிக்கத்தான் பயிற்சி வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கலாகாது. 1980-களில் பெருகிய மாத நாவல்கள், அட்டை பளபளக்க, பக்கக் கணக்குக்கு அறுத்து, குறித்த தேதியில் கடைக்கு வரவேண்டியவையாக இருந்தன. அவற்றுள் நல்லனவும் உண்டு. ஆனால் தேதிக்காக எழுதும்போது முதலில் சாவது தடயம். வாசகனை யோசிக்கவைக்க ஆசிரியனும் யோசிக்கவேண்டும். அதற்கு நேரம் வேண்டும். நேரமில்லாதவிடத்துத் தற்செயல் வந்து முடிச்சை அவிழ்க்கிறது. தற்செயல் என்பது தெய்வத்தின் மறுபெயரேயன்றி வேறென்ன?

மற்றொரு குறை நம் மண்ணுக்கே உரியது. 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிட்யூஷன் பள்ளியின் தற்காலிகத் தலைமையாசிரியருடைய மனைவி எதெல் பிரௌட்லாக், தம் வீட்டுத் தாழ்வாரத்தில் வில்லியம் ஸ்டுவர்ட் என்பவரைச் சுட்டுக் கொன்றார். தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின் சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பளித்தார். பத்தாண்டு கழித்து இந்நாட்டுக்கு வந்த சாமர்செட் மாம், அவ்வழக்கைக் கருவாகக் கொண்டு "தி லெட்டர்" என்னும் கதையை எழுதினார். உலகமெல்லாம் அது நாடகமாகவும் திரைப்படமாகவும் சென்றது. அக்கதையில் மறைந்த கடிதம் இருக்குமிடத்தை அறிந்தவன் யார் தெரியுமா? வக்கீல் துரையன்று, அவருடைய அலுவலகத்துச் சீனக் குமாஸ்தா! வந்து போன வெள்ளைக்காரருக்கே தெரிந்திருக்கிறது, இந்நாட்டின் இரகசியங்கள் குமாஸ்தாக்களின் மேசையறையில் இருக்கின்றன என்று. நம் காலத்தில், மலேசியாவில் பிறந்த ஷாமினி ஃபிளின்ட் அம்மையார் 2009-இல் ஆங்கிலத்தில் தொடங்கிய இன்ஸ்பெக்டர் சிங் வரிசையின் முதல் நாவலும் கோலாலம்பூரையே களமாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாக இம்மண்ணில் பேரேடு எழுதிவரும் தமிழ்க் கிராணிகளாகிய நாம் மட்டும், கொலை என்றால் அது கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோதான் நடக்கவேண்டும் என்று வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

எழுதக் கற்பிப்பார் இல்லை என்று சொல்லாதீர்கள். 1950-இல் தமிழ் நேசன் பத்திரிகையில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதில் பயின்றோர் இந்நாட்டுச் சிறுகதையை வளர்த்தார்கள். கு. அழகிரிசாமி 1953 முதல் சில ஆண்டுகள் அப்பத்திரிகையில் பணியாற்றியபோது இளைஞரைக் கூட்டி வைத்துக் கதை பேசினார். தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோயிற்று. வகுப்பு நடத்தும் வழி நின்றுபோகவில்லை. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கூடும் நம் மன்றங்கள், ஆண்டுக்கு ஒருமுறை பொன்னாடை போர்த்துவதோடு, துப்பறியும் கதைக்கு ஒரு வகுப்பும் வைக்கட்டும். ஒரு விபத்தறிக்கையை, ஒரு சம்பளச் சீட்டை, ஒரு செக்ரோல் பக்கத்தைக் கொடுத்து, "இதில் பொய் எங்கே?" என்று கேட்கட்டும். கேட்கப் பழகியவன் எழுதவும் பழகுவான்.

சபைத் தலைவராயிருந்த பெரியவருக்கு என் வணக்கம். கொலைக் கதை ரயில் பயணத்துக்கு ஆகும் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அன்று ரயிலில் திரும்பும்போதும் ஒன்று படித்துக்கொண்டுதான் வந்தேன். ஆனால் ரயில் கிள்ளானில் நின்றுவிடுகிறது. நம் மக்கள் அங்கிருந்து தோட்டத்துக்குப் போகவேண்டியிருக்கிறது. அங்கே மரத்தடியில் ஒருவர் விழுந்து கிடந்தால், முனிக்குச் சேவல் தேடுமுன் யாரேனும் ஒருவர் அண்ணாந்து பார்க்கவேண்டும். அந்த ஒருவரை உண்டாக்கும் எழுத்து எதுவோ, அதை நான் இலக்கியம் என்றே சொல்வேன்.